கரவன் ஓட "இன்டர்நாஷனல் லைசென்ஸ்" எடுக்கப் போறவைக்கு

லண்டனில் இருக்கிற அண்ணா கோடை விடுமுறைக்குக் கரவன் (காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற, படுக்கை வைத்த வண்டி) வாடகைக்கு எடுத்து ஸ்கொட்லாந்து போவம் என்றார். தூரம் கூட, ஆள் மாறி ஆள் ஓடலாம், நீயும் லைசென்ஸோட வா என்றார். விசா அலுவலோடு இன்டர்நாஷனல் லைசென்ஸையும் முடிப்பம் என்று, யாழ்ப்பாணம் ரவுணில் வெளிநாட்டு அலுவல் பார்த்துக் குடுக்கிற ஒரு கடைக்குப் போனேன்.

"தம்பி, வெறும் கார் எண்டால் ஒரு விலை. பின்னால கரவன் கொழுவுறதெண்டால் E போடவேணும், அது வேற விலை." எல்லாமாக 38,000 ரூபா. பற்றுச்சீட்டு? "கார்ட் வரேக்க தாறன்."

வந்தது பளபளவென்று ஒரு பிளாஸ்ரிக் கார்ட். மூன்று வருடம் செல்லுபடியாம். B (கார்), E (பாரமான ரெயிலர்) இரண்டு வகுப்புக்கும் சரி போட்டிருந்தது. கூடவே ஒரு போட்டோக்கொப்பித் தாள்: மோட்டர்வேயில் (அங்கத்தைய அதிவேக வீதி) மணிக்கு 70 மைல் ஓடலாமாம், பிள்ளைகள் கரவனுக்குள்ளேயே படுத்துக்கொண்டு வரலாமாம்! அங்கே கரவன் இழுத்தால் மோட்டர்வேயிலும் 60 தான். ஓடும்போது உள்ளே ஒருவரும் இருக்கக்கூடாது.

என் பெயரையும் சேர்க்க அண்ணா இன்சூரன்ஸ்காரரிடம் கதைத்தபோதுதான் குட்டு உடைந்தது. அவர்கள் அந்தக் கார்டைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. இலங்கை லைசென்ஸைக் கேட்டார்கள். நம்முடைய B வகுப்புக்கு, வெற்று எடை 250 கிலோவுக்கு மேற்படாத ரெயிலர்தான் அனுமதி. குடும்பமாய்ப் படுக்கிற கரவன் வெறுமையாகவே 1000 கிலோவைத் தாண்டும். 2021 டிசம்பருக்குப் பிறகு பிரித்தானியக் கார் லைசென்ஸ்காரர் 3500 கிலோ வரை இழுக்கலாம் என்பது உண்மை. அது அண்ணாவுக்கு, சுற்றுலா போகிற எனக்கில்லை.

இதில் பெரிய பகிடி, வெறும் கார் ஓடுவதற்கு அங்கே இன்டர்நாஷனல் ஒன்றும் தேவையில்லை. இலங்கை லைசென்ஸோடு 12 மாதம் ஓடலாம். வேறு நாடுகளுக்குத் தேவைப்பட்டால், கொழும்பிலுள்ள ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒப் சிலோன் குடுக்கிறது. 1949 ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கைப்படி அது காகிதப் புத்தகம், ஒரு வருடம்தான் செல்லும். கையிலுள்ள லைசென்ஸில் இல்லாத வகுப்பை அதுவும் தராது. எந்தக் கடைக்காரன் E போட்டுத் தாறன் என்றாலும் பொய்தான்.

காசு போனதை விடுங்கோ. அந்தக் கார்டை நம்பி ஓடி எங்கேயாவது அடிபட்டிருந்தால், இன்சூரன்ஸ் கைவிட்டிருக்கும். அண்ணாதான் அங்கே பதில் சொல்லித் திரிந்திருப்பார்.

திருப்பிக் கேட்கப் போனேன். "கார்ட் ஒறிஜினல் தம்பி, லண்டன்காரருக்குத்தான் விளங்கேல்லை" என்கிறார். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு (தொலைபேசி 1977) முறைப்பாடு குடுத்திருக்கிறேன். இதே மாதிரிக் கார்ட் வாங்கியவர்கள் வங்கியால் காசு அனுப்பியிருந்தால், அந்தத் துண்டை எறியாமல் எனக்கு எழுதுங்கோ. பற்றுச்சீட்டு இல்லாமல் தனியாள் சொல்வது எடுபடுகுதில்லை.