ஜீரோ பாயிண்ட் பிளேட்: பிடி அருமை, வாய்தான் தலைவலி

போன வாரம் எங்கள் வி.எம்.சி-யில் (கம்ப்யூட்டர் ஓட்டும் மில்லிங் மெஷின்) இருக்கும் ஜீரோ பாயிண்ட் பிளேட்டில், அதாவது ஜாபை (வேலைப் பொருளை) ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பிடிக்கிற பிளேட்டில், பூட்டிப் பிடிக்கும் நாலு மாட்யூலில் ஒன்று திறக்க மறுத்துவிட்டது. காற்று போகிறது, மற்ற மூன்றும் டக்கென்று விடுகின்றன, வலது பின்பக்கம் இருப்பது மட்டும் புல் ஸ்டட்டை (பேலட்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழை) கவ்விக்கொண்டு நிற்கிறது. மேலே பேலட், அதாவது ஜாபை மாட்டும் தட்டு, பேலட் மேலே வேலை முடிந்த வால்வு பாடி. ரெகுலேட்டரைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, பேலட் ஓரத்தில் நைலான் சுத்தியலால் தட்டித் தட்டி ஒரு வழியாகக் கழற்றினோம். பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் சுவரில் துரு, சீல் காய்ந்து கட்டியாகியிருக்கிறது, சீலுக்கு மேலே கறுப்பாக மை மாதிரி ஒரு சேறு.

விற்றவர்களைக் கூப்பிட்டேன். சீல் மட்டும் தனியாகத் தர மாட்டார்களாம். முழு மாட்யூலையே மாற்றவேண்டுமாம். அதுவும் கையிருப்பில் இல்லை, வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், வாரக்கணக்கில் ஆகும். உள்ளங்கை அகல ரப்பர் வளையத்துக்காக ஒரு மெஷினை நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆனால் சில வருஷமாக தினமும் ஓட்டிய பொருள் இது, நல்லதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஓசூரில் பட்டறை வைத்திருக்கும் நண்பன் ஒருவன் அதே சமயம் போன் போட்டு, "மாப்ள, அந்த ஜீரோ பாயிண்ட் எப்படி ஓடுது? கொட்டேஷன் வந்திருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

இந்தச் சமாச்சாரம் நம் ஆட்களுக்குப் புதிது இல்லை. ஈ.டி.எம் வேலையில் (மின்பொறியால் உலோகத்தை அரிப்பது) ஸ்வீடனின் சிஸ்டம் 3ஆர், சுவிட்சர்லாந்தின் எரோவா போன்றவர்கள் எலக்ட்ரோடை ஒரு ஹோல்டரில் பிடித்து, மில்லிங்கிலும் ஈ.டி.எம்-மிலும் மறுபடி சென்டர் பார்க்காமல் மாட்டுகிற முறையை வெகுகாலமாகவே தருகிறார்கள். அதே யோசனைதான் மில்லிங் டேபிளுக்கும் வந்தது. டேபிளில் ஒரு பிளேட், அதில் மாட்யூல்கள். பேலட் அடியில் புல் ஸ்டட். உள்ளே இறங்கியதும் ஸ்பிரிங் தள்ளி, ஸ்லைடுகள் ஸ்டட்டின் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்துவிடும். 6 பார் காற்று கொடுத்தால் விடும். அவ்வளவுதான்.

இதில் எனக்கு முதல் நாளிலிருந்து இன்றுவரை பிடித்த விஷயம், பிடிப்பது ஸ்பிரிங், விடுவதற்குத்தான் காற்று. கரண்ட் போனாலும் கம்ப்ரசர் நின்றாலும் ஏர் ஹோஸையே கழற்றிப் போட்டாலும் ஜாப் அசையாது. கட்டர் ஜாபுக்குள் இருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்ற பயம், எண்ணெய் அழுத்தத்தால் ஜாபைப் பிடிக்கும் ஹைட்ராலிக் ஃபிக்ஸ்சர் ஓட்டியவர்களுக்குத் தெரியும். அங்கே பிரஷரைப் பூட்டி வைக்க செக் வால்வு வேண்டும், அக்யுமுலேட்டர் வேண்டும், அதில் ஒன்று லேசாகக் கசிந்தாலும் மனசு நிம்மதியாக இருக்காது. இங்கே அந்தப் பேச்சே இல்லை.

கேட்லாக் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஸ்பிரிங் ஸ்டட்டைக் கீழே இழுக்கும் விசை வேறு, பூட்டிய பிறகு பிரியாமல் தாங்கும் விசை வேறு. இரண்டாவது எண் பல மடங்கு பெரியது, அதைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள். அதுவும் ஸ்டட்டைப் பேலட்டில் பிடிக்கும் போல்ட் எம்10-ஆ, எம்12-ஆ, எம்16-ஆ என்பதைப் பொறுத்து மாறும். பெரிய ஃபேஸ் மில் போட்டு ஆழமாக எடுக்கிறவர்கள் முதல் எண்ணைக் கேளுங்கள். கூடுதல் இழுப்புக்கு, பூட்டும் பக்கமும் காற்று கொடுக்கிற வசதி உள்ள மாடல்கள் இருக்கின்றன. எங்களுடையதில் உண்டு. ரஃபிங்கில் (முதலில் அதிகமாக வெட்டி எடுக்கும்போது) வித்தியாசம் காதிலேயே கேட்கும், கட்டரின் சத்தம் அடங்கிவிடும்.

செட்டிங் நேரம் குறைவது எல்லோரும் சொல்வதுதான். வைஸைத் தூக்கி வைத்து, ஃபிக்ஸ்ட் ஜாவில் டயல் ஓட்டி, எட்ஜ் ஃபைண்டரில் எக்ஸ், ஒய் எடுத்து, ஜி54-இல் (ஜாபின் ஜீரோவை மெஷினில் பதியும் இடம்) போட்டு, முதல் பீஸ் ஓட்டிப் பார்த்து என்று முக்கால் மணி நேரம் போன இடத்தில் இப்போது இரண்டு மூன்று நிமிஷம். இதற்காகத்தான் வாங்கினோம். ஆனால் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் வேறொன்று.

ஜாபைப் பேலட்டோடு கழற்றி சி.எம்.எம் என்ற அளக்கும் மெஷினுக்குக் கொண்டுபோய் அளந்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் மாட்டலாம். மெஷினில் நிற்பவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். முன்பெல்லாம் கிளாம்ப்பை அவிழ்த்துவிட்டால் அந்த ஜாப் அந்த செட்டிங்கை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். போரில் (கடைகிற துளையில்) 0.02 மி.மீ மெட்டீரியல் இருக்கிறது, இன்னும் ஒரு ஃபினிஷ் கட் போட்டால் நல்ல பீஸ் என்று தெரிந்தும், மறுபடி சென்டர் எடுத்தால் எங்கே போகுமோ என்று தயங்கி ரீவொர்க் ராக்கில் வைத்த பீஸ்கள் எத்தனையோ. இப்போது அளந்து, ஆஃப்செட் திருத்தி, திரும்ப வைத்து, போரிங் பாரை உள்ளே விட்டால் சுற்றிலும் ஒரே சீராக அந்த மெல்லிய தூள் உதிர்கிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்த்து மறுபக்கம் விட்டுப்போவது இல்லை. முதன்முதல் அதைப் பார்த்தபோது எங்கள் மூத்த ஆபரேட்டர் கதவுக் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. விலை கொடுத்து வாங்கியதில் பாதி அன்றே திரும்பி வந்துவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றியது.

சரி, இப்போது வாய்க்கு வருவோம்.

மாட்யூலின் வாய் மேலே பார்த்துத் திறந்திருக்கிறது. மெஷின் டேபிளிலேயே சிப்ஸும் கூலன்ட்டும் அதிகம் விழும் இடம் அது. எங்களுக்கு வருவதில் பெரும்பகுதி காஸ்ட் அயர்ன். ஸ்டீல் சுருளாவது கண்ணுக்குத் தெரியும், கையால் எடுத்துவிடலாம். காஸ்ட் அயர்ன் தூள் கூலன்ட்டோடு சேர்ந்தால் கறுப்புக் குழம்பாகி, உட்காரும் ஃபேஸின் வளையத்தில் படிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டால் திங்கட்கிழமை காலை பூச்சு போட்டதுபோல் இறுகியிருக்கும். கண்ணால் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். விரல் நுனியால் வளையத்தைச் சுற்றித் தடவினால்தான் நெருடும்.

இதனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாட்யூல்களுக்கு இடையே 200 மி.மீ. ஒரு பக்கம் 0.05 மி.மீ தூசு மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். போர் இருப்பது உட்காரும் ஃபேஸிலிருந்து 160 மி.மீ உயரத்தில். பேலட் அந்த அளவுக்குச் சாய்ந்தால் மேலே போர் 0.04 மி.மீ நகர்ந்துவிடும். டிராயிங்கில் கொடுத்திருப்பது 0.03. பீஸ் போச்சு. கேட்லாக்கில் போட்டிருக்கிற 0.005 மி.மீ ரிப்பீட்டபிலிட்டி (எடுத்து வைத்தால் அதே இடத்தில் நிற்கும் துல்லியம்) பொய்யில்லை, நானே டயல் வைத்துப் பார்த்திருக்கிறேன், அதற்குள்தான் நிற்கிறது. ஆனால் அது சுத்தமான ஃபேஸில், அதே பேலட்டை, அதே மாட்யூலில், அதே வெப்பநிலையில் எடுத்து வைக்கும்போது கிடைக்கும் எண்.

வெப்பநிலை என்றதும் இதையும் சொல்லவேண்டும். எடை குறையட்டும் என்று சில பேலட்டை அலுமினியத்தில் செய்தோம். மெஷின் மேலே இருக்கும் பிளேட் ஸ்டீல். அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும், ஸ்டீல் அதில் பாதி. ஏப்ரல், மே மாதத்தில் ஷெட்டின் தகரக் கூரை காய்கிறபோது, கதவோரம் வைத்த பேலட்டுக்கும் கூலன்ட்டில் குளித்த பிளேட்டுக்கும் பத்து டிகிரி வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். 200 மி.மீ நீளத்தில் அலுமினியம் 46 மைக்ரான் விரிந்திருக்கும். நாலு ஸ்டட்டும் இறுக்கமாக இருந்தால் பேலட் உட்காரவே உட்காராது. அதனால்தான் நாலில் ஒன்று மட்டும் முழு வட்டம், அதுதான் ஜீரோ. அதற்கு எதிரே இருப்பது இரண்டு பக்கம் சீவியது, பேலட் திரும்பாமல் மட்டும் பார்த்துக்கொள்ளும், நீளவாக்கில் விரிய விட்டுவிடும். மீதி இரண்டும் இழுத்துப் பிடிக்க மட்டும்தான். பேலட் செய்கிறவர்கள் இதை மாற்றிப் போட்டுவிடக்கூடாது. போர் ஜீரோ ஸ்டட்டிலிருந்து தள்ளிப் போகப் போக இந்த விரிவும் சேர்ந்து வரும் என்பதால், முக்கியமான போரை ஜீரோ ஸ்டட் பக்கமே வருமாறு ஃபிக்ஸ்சரை டிசைன் செய்யுங்கள்.

திரும்பவும் வாய்க்கே வருகிறேன், ஏனென்றால் என் ஷிஃப்டுகள் அதிலேயேதான் போகின்றன. பேலட்டைத் தூக்கும் அந்த நொடியில்தான் ஆபத்து. ஜாபின் ஓரங்களில் தேங்கியிருக்கும் கூலன்ட்டும் தூளும் நேராக வாய்க்குள் வழியும். ஏர் கன் எடுத்து ஊதினால் பாதி வெளியே போகும், பாதி சீலைத் தாண்டி உள்ளே போகும். அதனால் வாய்ப் பக்கம் ஏர் கன்னையே தடை செய்துவிட்டோம். பனியன் வேஸ்ட்டால் துடைப்பது எங்கள் ஊர்ப் பட்டறைகளில் எல்லோருக்கும் பழக்கம். திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அதிலிருந்து ஒரு நூல் பிரிந்து ஃபேஸில் ஒட்டிக்கொண்டாலே பேலட் சரியாக உட்காராது. இப்போது நூல் உதிராத துணி தனியாக வாங்கி, மெஷின் கதவிலேயே மாட்டி வைத்திருக்கிறோம். பேலட்டைத் தூக்கும் முன் நாலு பக்கமும் பிரஷ்ஷால் தள்ளிவிடுவது, தூக்கியதும் துடைப்பது, விரலால் தடவிப் பார்ப்பது, அப்புறம்தான் அடுத்த பேலட். கூடவே பேலட் அடிப்பக்கத்தையும் தடவவேண்டும். அதை எல்லோருமே மறப்பார்கள்.

கூடவே கொடுத்த பிளாஸ்டிக் மூடி கூலன்ட் வேகத்துக்கே கழன்று போகிறது. லேத்தில் டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக்கைக் கடைந்து ஓ-ரிங் போட்டு நாங்களே மூடி செய்துகொண்டோம், அது நன்றாக நிற்கிறது. இவ்வளவு விலை வாங்கும் கம்பெனி இதைச் செய்திருக்கவேண்டும்.

இன்னொன்று, பேலட் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கும் வசதி. உட்காரும் ஃபேஸில் சிறு துளை இருக்கும், அதன் வழியாகக் காற்று வரும். பேலட் முழுசாகப் படிந்தால் துளை அடைபட்டு பிரஷர் ஏறும். தூசு இருந்தால் கசிந்து பிரஷர் ஏறாது, மெஷின் ஸ்டார்ட் ஆகாது. எங்கள் மாடலில் இது கிடையாது. கூடுதல் விலைக்கு இருக்கிறது என்று அப்போது ஒரு வார்த்தை விற்பனைக்கு வந்தவர் சொல்லவில்லை. கொட்டேஷனில் இது இல்லையென்றால் அந்தக் கொட்டேஷனை அப்படியே திருப்பிக் கொடுங்கள். விரல் நுனியை நம்பி ஓட்டுவது பகல் ஷிஃப்டில் நடக்கும். ராத்திரி மூன்று மணிக்கு ஆபரேட்டர் எத்தனை முறை நாலு வளையத்தையும் தடவுவார்? அவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

துருவுக்குக் காரணம் காற்றில் இருந்த தண்ணீர். எஃப்.ஆர்.எல் (காற்றை வடிகட்டித் தண்ணீரைப் பிரிக்கும் கருவி) இருக்கிறது, தினமும் டிரெய்ன் செய்கிறார்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கம்ப்ரசர் இழுக்கிற ஈரத்துக்கு அந்தச் சின்னக் கிண்ணம் போதாது. காற்றைக் குளிர்வித்து ஈரத்தை எடுக்கும் ரெஃப்ரிஜரேஷன் டிரையர் அவசியம். விற்கும்போது "6 பார் இருந்தா போதும் சார்" என்றார்கள். 6 பார் காய்ந்த காற்று என்று சொல்லியிருக்கவேண்டும். இப்போது டிரையர் போட்டாகிவிட்டது, மற்ற மூன்று மாட்யூலையும் பிரித்துத் துடைத்துக் கிரீஸ் தடவி மாட்டியாகிவிட்டது. கெட்டுப்போன மாட்யூலின் சீலை அளவெடுத்து உள்ளூரில் ஒரு சீல் கடையில் கொடுத்திருக்கிறேன். அது நிற்குமா என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆக, வாங்கலாமா என்றால், ஒரே ஜாப் மாசம் முழுக்க ஓடுகிறவர்களுக்கு இது தேவையே இல்லை, நல்ல வைஸும் ஃபிக்ஸ்சரும் போதும். எங்களைப்போல் ஒரு நாளில் நாலைந்து ஜாப் மாறுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பொருளை நான் பார்த்ததில்லை. பிடியில் ஒரு குறை சொல்ல முடியாது, இத்தனை வருஷத்தில் ஒரு ஜாப் கூட நழுவவில்லை. ஆனாலும் இன்றைக்கு என்னைக் கேட்டால் வாங்காதே என்றுதான் சொல்வேன். நண்பனிடமும் அதையேதான் சொன்னேன். ஒரு ரப்பர் வளையத்தைத் தனியாக விற்க மாட்டேன் என்கிறவனுக்கு இவ்வளவு பணம் கொடுக்க மனசு வரவில்லை.

அவன் விடவில்லை. "அப்போ நீ அடுத்த மெஷினுக்குப் போட மாட்டியா?" என்று கேட்டான். சீல் கிட் தனியாகத் தருவோம், உட்கார்ந்ததைப் பார்க்கும் வசதியும் விலையிலேயே சேர்த்தி என்று எழுத்தில் கொடுக்கிற கம்பெனி எதுவாவது அகப்பட்டால் உடனே சொல்லு, இரண்டாவது மெஷின் டேபிளுக்கு டீ-ஸ்லாட் அளவெல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன்.