பூச்சுக்கு முன் பிளாஸ்டிங்: கப்பலூர்ப் பட்டறை ஒன்றின் வேலை எப்படி?

பரணில் ஆண்டுக்கணக்கில் கிடந்து துருவேறிய சித்தப்பாவின் ஏர் ரைஃபிளுக்குச் செராமிக் பூச்சு (பீங்கான் துகள் கலந்த, துருவைத் தடுக்கும் பெயின்ட்) அடிக்கத் தீர்மானித்தபோது, திருமங்கலம் வீட்டில் செய்யவே முடியாத வேலை ஒன்றுதான் என்று தெரிந்தது. உலோகத்தின் மேல் துகளை வீசிச் சொரசொரப்பாக்கும் பிளாஸ்டிங்தான் அது. அதற்காகக் கப்பலூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறு பட்டறைக்குப் போனேன்.

இது 4.5 மி.மீ. குழல் கொண்ட, சுருள்வில்லால் இயங்கும் ரகம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, இந்த விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை. தோட்டாத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டில் வேலையைத் தொடங்க வேண்டாம். அதைப் பழுதுபார்ப்பதற்கே ஆயுதச் சட்டம் தனி உரிமம் கேட்கிறது.

பட்டறைக்குப் போகுமுன் மூன்று நாட்கள் பிடித்தன. சுருள்வில் எப்போதும் அழுத்தத்திலேயே இருப்பதால், அதை ஒரு சட்டத்தில் இறுக்கிப் பிடித்துத்தான் பின்பக்க முனையைக் கழற்ற வேண்டும். இல்லையென்றால் அது முகத்தை நோக்கிப் பாயும். வில், தோல் சீல், ரப்பர் வளையம், மரக்கட்டை ஆகியவற்றைத் தனியே வைத்துவிட்டு, எஞ்சிய எஃகுப் பாகங்களை அசிட்டோனில் ஊறவைத்துத் துலக்கினேன். பாகத்தின் மேல் தண்ணீர் முத்துமுத்தாகத் திரளாமல் ஒரே படலமாகப் பரவினால்தான் எண்ணெய் போய்விட்டது என்று பொருள். பிறகு குழலைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "பம்புசெட்டு பைப்பா தம்பி?" என்று கேட்டார். நான் தலையாட்டிவிட்டேன்.

பட்டறைக்காரர் கேட்ட முதல் கேள்வியே எனக்கு நம்பிக்கை தந்தது: "எண்ணெய் எடுத்துட்டீங்களா?" நுரையீரலைக் கெடுக்கும் ஆற்றுமணலை அவர் தொடுவதில்லை. 100 மெஷ் அளவுள்ள அலுமினியம் ஆக்சைடுத் துகளைப் பெட்டிக்குள் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் வீசினார். குழலின் இரு வாய்களையும் நான் ரப்பர் கார்க்கால் அடைத்திருந்தேன். அவர் அவற்றைச் சரிபார்த்து, வரிசை எண்ணின் மேல் ஒரு துண்டு டேப்பும் ஒட்டினார். வேலை முடிந்தபோது எஃகு முழுவதும் ஒரே மங்கல் சாம்பல் நிறமாக, மூலைகளிலும் பளபளப்பு மிச்சமின்றி இருந்தது. கூலி 600 ரூபாய். இந்தத் தரத்துக்கு அது அதிகம் என்று சொல்ல மாட்டேன்.

குறை இரண்டு. விசையைச் சுற்றியிருக்கும் காப்பு வளையத்தில் எண்ணெய்த் திட்டுகள் தெரிந்தன. அதே பெட்டியில் காலையில் பழைய பல்சக்கரங்களைச் சுத்தம் செய்திருந்தார்கள். சொன்னவுடன் துகளை மாற்றி, கூலி வாங்காமல் மறுபடியும் வீசிக் கொடுத்தார்கள். இரண்டாவதுதான் பெரிய குறை. குழலைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்த பையன் வெறுங்கையால் பிடித்துத்தான் என்னிடம் நீட்டினான். பிளாஸ்டிங் செய்த எஃகு, விரல் வியர்வையையும் உப்பையும் மையொற்றுத்தாள்போல உறிஞ்சிக்கொள்ளும்.

பூச்சில் நான் தேர்ந்தது காற்றிலேயே உலரும் வகை. அடுப்பில் சுடும் வகை கூடுதல் உறுதியானதுதான். ஆனால் அதற்குச் சுமார் 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வேண்டும், என் குழலோ வீட்டு ஓவனுக்குள் நுழையாது. நுழைந்தாலும், அந்த ஓவனில் பிறகு சமைக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் பாகங்களை ஹீட் கன்னால் சூடாக்கினேன். திருகுத் துளைகளிலிருந்து ஒளிந்திருந்த எண்ணெய் கசிந்தது; மூன்று முறை அசிட்டோனால் துடைத்த பிறகே நின்றது. அன்று மாலையே பூச்சடித்தேன், ஏனென்றால் பிளாஸ்டிங் செய்த எஃகு ஓர் இரவு கிடந்தால் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். பூச்சின் தடிமன் சுமார் 25 மைக்ரான்தான். ஆனாலும் விசையின் கொக்கிகளையும் பிஸ்டன் ஓடும் உட்சுவரையும் பூசாமல் விட்டேன்.

முழுதாக இறுக ஐந்து நாட்கள் ஆயின. ஆறாம் நாள் நகத்தால் கீறிப் பார்த்தேன். ஓர் இடத்தைத் தவிர எங்கும் அசையவில்லை. அந்த ஓரிடம், குழலின் நடுவில், ஒரு கட்டைவிரல் அகலம் இருக்கும். மீண்டும் அதே பட்டறைக்குத்தான் போவேன். நைட்ரைல் கையுறை ஒரு ஜோடியை நானே வாங்கிக்கொண்டு போவேன்.