ஆல்டேர் 4எக்ஸ் கேஸ் டிடெக்டர்: சிப்காட் வேலைக்கு எந்த அளவுக்குத் தாங்கும்?

கடலூர் சிப்காட்டில் ரியாக்டர், சம்ப், ஈடிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு) தொட்டி என்று எதற்குள் ஆள் இறங்குவதானாலும் பர்மிட் தாளில் நான்கு எண்களை எழுதியாக வேண்டும்: ஆக்சிஜன், எல்இஎல் (தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் எத்தனை சதவீதம் எரிவாயு காற்றில் இருக்கிறது என்பது), கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு. உள்ளே ஆபத்தான வாயு இல்லை என்று தகுதியுள்ளவர் தானே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இது 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவிலிருந்தே வரும் நடைமுறை. இந்த நான்கையும் ஒரே கையடக்கக் கருவியில் காட்டுபவற்றில் எம்எஸ்ஏ நிறுவனத்தின் ஆல்டேர் 4எக்ஸ் நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ளது. மலிவான சாமான் இல்லை. அலறினால் போதும் என்பவர்களுக்கு இதைவிடக் குறைந்த விலையில் வேறு கிடைக்கும். அலறுவதற்கு முன்பே பிளான்ட்டில் என்ன மாறுகிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்குத்தான் இதன் விலை கட்டுப்படியாகும்.

உடல்வாகு நன்றாகவே இருக்கிறது. எடை சுமார் 225 கிராம், சட்டையில் மாட்டினால் இழுக்காது. ஐபி67 தரம், அதனால் மழையும் ஹோஸ் தண்ணீரும் பெரிய பிரச்சினை இல்லை. முழு சார்ஜில் 24 மணி நேரம் ஓடும் என்கிறது நிறுவனம். சார்ஜ் ஏற 4 மணி நேரம். மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே சார்ஜ் என்று கணக்குப் போடாமல், ஷிஃப்ட் மாறும்போது சார்ஜரில் வைப்பதே நல்லது. ஹைட்ரஜன் சல்பைடுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் சென்சார் 15 விநாடிக்குள் பதில் சொல்லிவிடும். தொட்டி வேலையில் இந்த வேகம் சின்ன விஷயம் இல்லை. ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றம் சுமார் 100 பிபிஎம்மில் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) மூக்கை மரத்துப் போகச் செய்துவிடும். அதன் பிறகு நாற்றம் இல்லை என்று நம்புகிறவர்தான் விழுவார். 2024 ஜூனில் புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடை வாயு கழிவறை வழியாக வீட்டுக்குள் ஏறி மூன்று பேர் இறந்தார்கள். தொழிற்சாலைக்கு வெளியிலும் இதே வாயுக்கள்தான்.

அலாரம் அளவுகள் கருவியோடு வரும்போது இப்படி இருக்கும்: ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழும் 23க்கு மேலும், எல்இஎல் 10 சதவீதமும் 20 சதவீதமும், ஹைட்ரஜன் சல்பைடு 10, 15 பிபிஎம், கார்பன் மோனாக்சைடு 25, 100 பிபிஎம். ஹைட்ரஜன் சல்பைடு அளவுகள் அந்த 1948 சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருந்த வேலையிடக் காற்று வரம்புகளோடு அப்படியே பொருந்துகின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு அந்த அட்டவணை 8 மணி நேரச் சராசரியாக 50 பிபிஎம் வரை விட்டது, கருவி 25லேயே எச்சரிக்கும். அடிக்கடி கத்துகிறது என்று இந்த 25ஐ ஏற்றிவைக்கச் சொல்லி சூப்பர்வைசர்கள் கேட்பார்கள், ஏற்ற வேண்டாம்.

வாங்கியவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது பம்ப் டெஸ்டில் (bump test), அதாவது தெரிந்த அளவு வாயுவைச் சென்சார் மேல் விட்டு அது பதில் சொல்கிறதா என்று பார்ப்பதில். திரையில் 20.8, 0, 0, 0 என்று வந்தாலே கருவி நன்றாக இருக்கிறது என்று ஆகாது. செத்துப்போன சென்சாரும் பூஜ்யம்தான் காட்டும். எம்எஸ்ஏ சோதனை சிலிண்டரில் மீத்தேன் 1.45 சதவீதம், ஆக்சிஜன் 15 சதவீதம், கார்பன் மோனாக்சைடு 60 பிபிஎம், ஹைட்ரஜன் சல்பைடு 20 பிபிஎம் இருக்கும். ரெகுலேட்டர் நிமிடத்துக்குக் கால் லிட்டர் விடும். 34 லிட்டர் சிலிண்டரில் ஒரு சோதனைக்கு அரை நிமிடம் வைத்தால் ஏறக்குறைய 270 முறை வரும். நான்கு கருவிகளைத் தினம் சோதித்தால் இரண்டு மாதத்துக்கு மேல். சோதனை தேறினால் திரையில் ஒரு டிக் குறி 24 மணி நேரம் நிற்கும். பர்மிட் போடுகிறவர் எண்களுக்கு முன்பு அந்த டிக்கைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

சோதனையின்போது எல்இஎல் 58க்குப் பக்கத்தில் போவதைப் பார்த்து, 1.45 சதவீத மீத்தேனுக்கு (அதன் எல்இஎல் 5 சதவீதம்) 29 தானே வர வேண்டும் என்று சிலர் கருவியைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அது கோளாறு இல்லை. கருவி பென்டேனுக்காக அளவு திருத்தப்பட்டது, அதனால் மீத்தேனை ஏறக்குறைய இரட்டிப்பாகக் காட்டும். தவறு பாதுகாப்பான பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆன் செய்ததும் சுத்தக் காற்றில் பூஜ்யம் வைக்கலாமா என்று கேட்கும். இதை ரியாக்டர் பக்கத்திலோ சால்வென்ட் டிரம் அடுக்கிய இடத்திலோ செய்தால், அங்கே மிதக்கும் ஆவியையே கருவி பூஜ்யமாக எடுத்துக்கொண்டு நாள் முழுக்கக் குறைத்துக் காட்டும். சரி, ஏசி ஆபீஸில் வைத்துவிடலாம் என்றால் அங்கே வேறு சிக்கல். மே மாதக் கடல் காற்றில் ஈரப்பதம் காற்றின் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். ஏசி அறையில் 20.8 வைத்துவிட்டு 35 டிகிரி புழுக்கத்தில் வெளியே வந்தால் 20.2, 20.3 காட்டும். சென்சார் போய்விட்டது என்று சொல்லிவிடுவார்கள். வேலை நடக்கும் கட்டடத்துக்கு வெளியே, காற்று வரும் பக்கம் நின்று பூஜ்யம் வைத்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

குறைகளுக்கு வருவோம். முதலாவது, உள்ளே உறிஞ்சும் மோட்டார் கிடையாது. இறங்குவதற்கு முன் தொட்டியின் மேல், நடு, அடி மூன்றையும் சோதிக்கத் தனியாக உறிஞ்சு புரோப் வாங்க வேண்டும். மீத்தேன் மேலே ஏறும், ஹைட்ரஜன் சல்பைடு அடியில் படியும். கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் பழக்கம் போதாது, ஏனென்றால் அடியில் அது காட்டும் எண்ணை மேலே நிற்பவரால் படிக்க முடியாது. குழாய் போட்டு இழுக்கும்போது ஒவ்வொரு அடி நீளத்துக்கும் 2 விநாடி, அதோடு சென்சார் நேரமும் சேர்த்துக் காத்திருந்து எண்ணை எழுதுங்கள்.

இரண்டாவது குறை இன்னும் பெரியது, ஆனால் அதைக் கருவியின் தலையில் மட்டும் போட முடியாது. மருந்து மூலப்பொருள், பூச்சிமருந்து பிளான்ட்களில் டொலுயீன் சாதாரணம். டொலுயீனின் எல்இஎல் 1.1 சதவீதம், அதாவது 11,000 பிபிஎம். முதல் அலாரம் 10 சதவீதத்தில் என்றால் ஏறக்குறைய 1,100 பிபிஎம். 1948 சட்ட அட்டவணை 8 மணி நேரத்துக்கு அனுமதித்தது 100 பிபிஎம்தான். தீப்பிடிக்குமா என்ற கேள்விக்குத்தான் அந்த எல்இஎல் எண் பதில். மூச்சில் இழுக்கலாமா என்ற கேள்விக்கு இல்லை. எல்இஎல் பூஜ்யம் என்பதால் முகமூடி வேண்டாம் என்று எழுதப்படும் பர்மிட்கள் இங்கேதான் சறுக்குகின்றன. சால்வென்ட் பிளான்ட்டுக்கு இதோடு சால்வென்ட் ஆவியைப் பிபிஎம் அளவில் காட்டும் ஒரு பிஐடி மீட்டரும் அவசியம். கடலூர் முதுநகர்ப் பக்கம் அமோனியாவில் குளிரூட்டும் ஐஸ் பிளான்ட் நடத்துபவர்களும் கவனிக்க: இந்த நான்கு வாயு அமைப்பில் அமோனியா சென்சார் கிடையாது.

நைட்ரஜன் போட்டு வைத்த ரியாக்டரில் எல்இஎல் எண்ணை நம்பவே வேண்டாம். எரிவாயுச் சென்சார் வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். அது இல்லாத இடத்தில் வாயு நிறைந்திருந்தாலும் குறைவாகவே காட்டும். ஆக்சிஜனை முதலில் படிக்கச் சொல்வது இதனால்தான். சிலிக்கோன் ஸ்பிரேயும் இந்தச் சென்சாருக்கு விஷம். மெயின்டனன்ஸ் மேஜையில் அந்த டின்னுக்குப் பக்கத்தில் கருவியை வைக்காதீர்கள், துடைக்க ஈரத்துணி போதும்.

இனி இதன் நிஜமான பலம். 30 விநாடி அசைவில்லாமல் இருந்தால் தானே அலறும் வசதி நல்லது, ஆனால் அமைப்பில் அதை ஆன் செய்திருக்க வேண்டும். அதைவிட மதிப்புள்ளது பீக் எண், அதாவது கருவி கண்ட உச்ச அளவு. ஷிஃப்ட் தொடங்கும்போது அதை அழித்து, முடியும்போது இடத்தோடு சேர்த்து ஒரு ரெஜிஸ்டரில் எழுதுங்கள். ஈடிபி சமன்தொட்டி ஓரத்தில் ஹைட்ரஜன் சல்பைடு ஒரு வாரம் 1, அடுத்த வாரம் 3, அதற்கடுத்து 5 என்று ஏறினால் எந்த அலாரமும் அடித்திருக்காது. ஆனால் தொட்டிக்குள் காற்று விடும் டிஃப்யூசர் அடைத்துவிட்டது, அடியில் சேறு புளிக்கிறது என்று அர்த்தம். பம்ப் அருகில் எல்இஎல் 2, 3 என்று எட்டிப் பார்த்தால் மெக்கானிக்கல் சீலைப் பாருங்கள். பாய்லர் ஹவுஸில் கார்பன் மோனாக்சைடு மெல்ல ஏறினால் பர்னருக்குக் காற்று போதவில்லை. உள்ளே பதியும் டேட்டாவை எடுக்க அகச்சிவப்பு அடாப்டர் தேவை என்பதால் பலர் எடுப்பதே இல்லை. அந்த அலுப்பு வேண்டாம் என்றால் புளூடூத் உள்ள 4எக்ஸ்ஆர் மாடலைக் கேளுங்கள்.

கொட்டேஷனில் கருவி விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவீர்கள். சிலிண்டர், ரெகுலேட்டர், கேலிப்ரேஷன் மூடி, குழாய், உறிஞ்சு புரோப் எல்லாம் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். சிலிண்டரின் காலாவதி தேதியையும், கருவிக்குப் பெசோ (வெடி ஆபத்துள்ள இடங்களுக்கான கருவிகளுக்கு அனுமதி தரும் மத்திய அரசு அமைப்பு) ஒப்புதல் இருக்கிறதா என்பதையும் டெலிவரி எடுக்கும்போதே பாருங்கள். சென்சார் மாற்றும் வேலை புதுச்சேரியிலோ கடலூரிலோ நடக்குமா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்று கேளுங்கள். அனுப்பத்தான் வேண்டும் என்றால் கூடுதலாக ஒரு கருவி வாங்கி வைக்காமல் பர்மிட் வேலை ஓடாது.