பருவத் தொடக்கத்தில் ஸ்னோபோர்டு: பல ஆண்டு அனுபவத்திலிருந்து

பனிச்சறுக்கு மையங்கள் திறந்த முதல் சில வாரங்களை வீண் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பனியில் நின்றபடி சறுக்கும் பலகையான ஸ்னோபோர்டின் விளிம்பைக் கையாளும் திறனில் நான் கண்ட முன்னேற்றத்தில் பெரும்பகுதி அந்த வாரங்களில்தான் வந்தது. மிருதுவான புதுப்பனியை எதிர்பார்த்துப் போகிறவருக்கு மட்டும் அவை நிச்சயம் ஏமாற்றம் தரும்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள அரபஹோ பேசின், கீஸ்டோன் போன்ற மையங்களால் பல ஆண்டுகளில் அக்டோபரிலேயே திறக்க முடிவதற்குக் காரணம், நீரைப் பீச்சி உறையவைத்து உருவாக்கும் இயந்திரப் பனி. ஈரப்பதத்தையும் கணக்கில் கொள்ளும் ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ −2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அதைத் தயாரிக்கலாம். ஆகவே காற்று நன்கு வறண்டிருந்தால் வெப்பமானி 0 டிகிரிக்குச் சற்று மேலே காட்டும்போதும் இயந்திரங்கள் ஓடும். மேகத்தில் மெல்ல வளரும் பனி ஆறு கிளைகள் விரித்த படிகமாகிறது. பீச்சப்படும் நீர்த்துளியோ சில நொடிகளில் உறைந்து உருண்டை மணியாகிவிடுகிறது. அம்மணிகள் நெருங்கிப் படிவதால் தளம் நீடித்து நிற்கிறது, ஆனால் கெட்டியாக இருக்கிறது. பகலில் இளகி இரவில் உறைந்துவிட்டால், காலையில் அது பனிக்கட்டியேதான்.

எனக்குப் பிடித்ததும் அந்தக் கெட்டித்தன்மைதான். ஆழமான பனி பல பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். இந்தத் தளத்தில் உடல் எடை சற்றே பின்னால் சாய்ந்தாலும் பலகை உடனே பக்கவாட்டில் வழுக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். திறந்திருக்கும் ஒரே சரிவில் மீண்டும் மீண்டும் இறங்குவதால், பலகையின் கால்விரல் பக்க விளிம்பில் எடுக்கும் திருப்பத்தையும் குதிகால் பக்க விளிம்பில் எடுக்கும் திருப்பத்தையும் ஒரே இடத்தில் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள முடிகிறது. விளிம்புகளைத் தீட்டாமல் போனால் இந்தப் பயன் எதுவும் கிடைக்காது.

குறைகளில் முதன்மையானது நெரிசல். எல்லோரும் ஒரே குறுகிய பட்டையில் இறங்குகிறார்கள்; குதிகால் பக்கம் திரும்பும்போது நம் முதுகுப்புறம் கண்ணுக்குப் படாது என்பதால், ஒவ்வொரு முறையும் தோளுக்குப் பின்னால் பார்த்துவிட்டே திரும்ப வேண்டியிருக்கிறது. விழுந்தால் அடியும் பலமாகப் படும். புதியவர்களுக்கு மணிக்கட்டுக் காயங்கள் சகஜம் என்பதால், தலைக்கவசத்தோடு மணிக்கட்டுக் காப்பும் அணியாமல் இந்த மாதங்களில் யாரையும் இறங்கச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது கல். பனி மெல்லியதாக இருக்கும் ஓரங்களில் பலகையின் பாலிஎதிலீன் அடிப்பகுதி கீறப்படுகிறது. மேலோட்டமான கீறலை உருக்கிய பாலிஎதிலீனால் நிரப்பிவிடலாம். உள்ளிருக்கும் மரம் வெளித்தெரிந்தால் நீர் புகுந்துவிடும், அதைச் சரிசெய்யும்வரை அந்தப் பலகையை ஓட்டக் கூடாது. ஆகவே இந்தப் பருவத்துக்கென்றே பழைய பலகை ஒன்றை வைத்திருக்கிறேன்.

தயாரித்த சரிவைவிட்டு வெளியே போகும் ஆசையை இப்போது அடக்கியே ஆக வேண்டும். பனிக்கடியில் மறைந்திருக்கும் பாறைகள் மட்டுமல்ல காரணம்: தரையை ஒட்டிய பனி ஏறத்தாழ 0 டிகிரியில் இருக்க, மேற்பரப்பு கடுங்குளிரில் இருக்கும்போது, மெல்லிய படலத்துக்குள் அந்த வேறுபாடு ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரை போன்ற படிகங்களை உருவாக்குகிறது. பின்னர் விழும் கனத்த பனி அவற்றின் மேல் அமரும்போது பனிச்சரிவுக்கு வழி பிறக்கிறது.

நான் காலையிலேயே தொடங்கி மதியத்துக்குள் முடித்துக்கொள்கிறேன். அதற்குள் மேலடுக்குப் பனி வழிக்கப்பட்டு அடியிலுள்ள பனிக்கட்டி வெளிப்பட்டுவிடும். மாதக்கணக்கில் பழக்கம் விட்டிருந்த தொடைகளும் தளர்ந்துபோகும்.