செயலற்ற டோன் கண்ட்ரோலா, பாக்ஸாண்டல் சுற்றா?

வேலூர், குடியாத்தம் வட்டாரத் திருவிழாக்களுக்கு ஆம்பிளிஃபயர் கட்டித் தருவோர், பேஸ் (தாழ்ந்த ஒலி), ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) அளவைக் கூட்டிக் குறைக்கும் டோன் கண்ட்ரோல் பகுதியை இரு வழிகளில் அமைக்கலாம்.

மின்தடைகளும் மின்தேக்கிகளும் மட்டுமே கொண்ட செயலற்ற சுற்று மலிவானது. அதற்கு மின்வழங்கல் தேவையில்லை. ஆனால் 20 டெசிபல் உயர்த்தும் வசதி வேண்டுமென்றால், குமிழ்கள் நடுவில் இருக்கும்போதே சமிக்ஞையின் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அந்த இழப்பை ஈடுகட்டச் சேர்க்கும் பெருக்கிநிலை தன் இரைச்சலையும் கொண்டுவரும். குமிழுக்கு லாக் வகை பொட்டென்ஷியோமீட்டரும் (திருப்பும் அளவுக்கு நேர்விகிதமாக மாறாத மாறு மின்தடை) தேவை. ஸ்டீரியோவில் அதன் இரு பக்கங்களும் ஒத்துப்போவது கடினம்.

பீட்டர் பாக்ஸாண்டல் 1952இல் வெளியிட்ட சுற்றோ இத்தகைய வலையமைப்பை, வெளியீட்டின் ஒரு பகுதியை எதிராக உள்ளீட்டுக்குத் திருப்பி அனுப்பும் எதிர்ப் பின்னூட்டப் பாதைக்குள் வைக்கிறது. குமிழை ஒருபுறம் திருப்பினால் உள்ளீட்டுப் பக்க மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கான மொத்தத் தடை) குறைந்து பெருக்கம் கூடும். மறுபுறம் திருப்பினால் பின்னூட்டம் மிகுந்து பெருக்கம் குறையும். நடுவில் இரண்டும் சமமாவதால் பெருக்கம் ஒன்றாகி, வளைவு தட்டையாக நிற்கும். திருப்பும் அளவுக்கு ஏற்பச் சீராக மாறும் லீனியர் பொட்டென்ஷியோமீட்டரே போதும். சமிக்ஞை தலைகீழாவது பெரிய குறையன்று. முன்னால் தாழ்ந்த வெளியீட்டு மின்மறுப்புள்ள பஃபர் எனும் இடைச்சுற்று இல்லாவிட்டால் அந்தச் சமநிலை கெடும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. பஃபரைத் தவிர்ப்பது, என் பார்வையில், தவறான சிக்கனம்.

பெருக்கம் உபரியாக உள்ள பழைய வால்வு செட்டுக்குச் செயலற்ற சுற்று பொருந்தும். புதிதாகக் கட்டுவதற்கு நான் பாக்ஸாண்டலையே தேர்வேன். ஆனால் பேஸ் உயர்வை 10 டெசிபலோடு நிறுத்துவேன், ஏனெனில் அதற்கே அந்த அலைவெண்களில் பத்து மடங்கு திறன் வேண்டும்.