ஒரு பக்கக் குறிப்பா, நேரில் பேச்சா?

அமெரிக்க மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கு மனநலப் பிரச்சினையைப் புரியவைக்க ஒரு பக்கக் குறிப்பு கொடுக்கலாம், இல்லையென்றால் அனுபவித்தவரையே கூட்டிப்போய்ப் பேசவைக்கலாம். குறிப்பு அலுவலகத்தில் தங்கும், வாக்கெடுப்பின்போது எடுத்துப் பார்ப்பார்கள். தற்கொலை எண்ணமோ மனநல நெருக்கடியோ வந்தால் அழைக்கும் 988 உதவி எண் 2022 ஜூலையில் நாடு முழுக்க வந்துவிட்டது, ஆனால் அதன் செலவுக்காகத் தொலைபேசிக் கட்டணத்தில் சிறு தொகை சேர்க்கலாமா என்பதை மாநிலம்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிற மாதிரி விஷயங்கள் எழுத்தில்தான் தெளிவாக நிற்கும். ஆனால் நள்ளிரவில் மகனுக்காக அந்த எண்ணை அழைத்த தாய் எதிரே உட்கார்ந்து, மறுமுனையில் ஆள் பேசும்வரை அவன் அறை வாசலிலேயே நின்றதைச் சொன்னால், உறுப்பினர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். என்னைக் கேட்டால் முதலில் தாய், அப்புறம் குறிப்பு. எவ்வளவு சொல்வது என்பதை மட்டும் அந்தத் தாயே முடிவு செய்யட்டும்.