சுபாரு டர்போ விற்கிறீர்களா? எண்ணெய் ஊற்றி விலை குறைக்கும் ஆட்கள் லண்டனில் சுற்றுகிறார்கள்

ஜப்பானில் இருந்து இறக்கிய டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) உள்ள கார் விற்க நினைப்பவர்கள் இதை வாசித்துவிட்டு விளம்பரம் போடுங்கள். என்னுடைய 2001 சுபாரு லெகசி பி4 இப்படித்தான் கையை விட்டுப் போனது. கேட்டது 4,200 பவுண்ஸ், கிடைத்தது 1,700.

டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் மாற்றிய ரசீது, ஒவ்வொரு ஒயில் மாற்றத்தின் ரசீது, காரின் நிலையைக் குறித்த ஜப்பான் ஏலத் தாள் எல்லாம் ஒரே ஃபைலில் இருந்தன. கடைசி எம்ஓடியில் (வருடாந்த வாகனப் பரிசோதனையில்) துரு பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த வயது சுபாருவுக்கு அது சின்ன விஷயமா?

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஃபைலைப் புரட்டியபடி கேள்விக்கு மேல் கேள்வி கேட்டார், லொக்புக்கில் (காரின் பதிவுப் பத்திரத்தில்) உள்ள சேசிஸ் நம்பரை ஒப்பிட வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு திரிந்தார். மற்றவர் பொனட்டுக்குள் பார்த்தார், பிறகு டயர் பார்ப்பதுபோல் பின்பக்கம் குனிந்தார். ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டுக் கொஞ்ச தூரத்தில் பின்னால் ஒரே புகை. “நடுவில் இழுவையும் விழுகிறது, டர்போ போய்விட்டது” என்றார்கள். இரண்டு டர்போ உள்ள அந்த ஈஜே20 எஞ்சினில் முதல் டர்போவோடு இரண்டாவது சேரும் இடத்தில் இழுவை கொஞ்சம் தொய்யும். அது பி4இன் பிறவிக்குணம். எடுத்துச் சொன்னேன், காதில் வாங்கவே இல்லை. வீட்டு வாசலில் நிறுத்தி கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) போத்தலைத் திறந்து காட்டினார்கள். மேலே ஒயில்! ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள அடைப்பு, போய்விட்டது என்றார்கள். சுபாரு வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கும், எஞ்சினை இறக்கிச் செய்யும் கூலியே காரின் விலையை விழுங்கிவிடும். நோட்டுக் கட்டை நீட்டினார்கள். கொடுத்துவிட்டேன்.

மாலையில் எதிர்வீட்டுக்காரர் தன் டோர்பெல் கமராவைக் காட்டினார். குனிந்தவர் டயரைப் பார்க்கவே இல்லை, சின்னப் போத்தல் ஒன்றைச் சைலன்சர் குழாய்க்குள் கவிழ்க்கிறார்.

கூலண்ட் போத்தலை நான் எடுத்து வைத்திருந்த படத்தைப் பார்த்ததுமே கராஜ் அண்ணை சிரித்தார். “தம்பி, எஞ்சினுக்குள்ளால வந்த ஒயில் எண்டால் தண்ணியோட அடிபட்டுக் கலங்கிப்போய் நிக்கும். இது இப்ப ஊத்தினது, அதுதான் இவ்வளவு தெளிவா மிதக்குது.” குழாய்க்குள் ஊற்றியது சூட்டில் எரிந்து தீர்ந்ததும் புகையும் நின்றுவிடுமாம். டர்போ சீல் போனால் அப்படி நிற்காது. சந்தேகம் வந்தால் விற்பனையை அங்கேயே நிறுத்திவிட்டுக் கராஜுக்குக் கொண்டுபோங்கள். கூலண்டுக்கு மேலுள்ள காற்றை ஒரு நீலத் திரவத்துக்குள்ளால் இழுத்துப் பார்ப்பார்கள், எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாகும், கேஸ்கட் போனதற்கு அது ஓர் அடையாளம். சில நிமிட வேலைதான். இரண்டு பேர் வந்தால் உங்கள் பக்கத்திலும் இன்னொருவர் நிற்கட்டும், ஒருவர் பொனட்டை விட்டு நகரக்கூடாது.

போலீஸ் ஒரு முறைப்பாட்டு நம்பர் தந்திருக்கிறது. கார் கைமாறியதை வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்கு அறிவிக்கும்போது அவர்கள் தந்த பெயரைத்தான் கொடுத்தேன், அந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லையாம்.

கார் இப்போது 5,000 பவுண்ஸுக்கு விளம்பரத்தில் இருக்கிறது, எஞ்சினிலும் டர்போவிலும் ஒரு குறையும் இல்லையாம். அத்தாட்சிக்குப் போட்டிருக்கும் படங்கள் என் ஃபைலில் இருந்த ரசீதுகள்.